வண்டி என்று கேட்டால் எல்லாம் வரும்

எங்கள் தொழிலில் டேட்டாபேஸ் பொய் சொல்லாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும், அதனால் அவமானம் மொத்தமும் கேட்டவர் தலையில்தான் விழும். ஓ.ஆர்.எம். வைத்துக் குப்பை கொட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம்: நாம் எழுதும் புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று, நாம் சொல்வதை அதற்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் ஆசாமிதான் ஓ.ஆர்.எம். நல்ல ஆசாமி. ஆனால் சொன்னதைத்தான் செய்வான், நினைத்ததைச் செய்ய மாட்டான்.

நான் ரெபேக்கா. வயது பத்தொன்பது. ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ். எங்கள் பிளாக்கில் என் வயசுப் பிள்ளைகள் எல்லாம் இன்ஜினியரிங் படிக்கிறார்கள். நான் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டேன். வீட்டில் வசதி இல்லாமல் இல்லை, யாரும் பாவம் பார்க்க வேண்டாம். இன்னும் நாலு வருஷம் பெஞ்சில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் போன் எடுக்கச் சேர்ந்தேன். இப்போது புரோகிராம் எழுதுகிறேன். டிகிரி இல்லாதவள் போன் மேசைக்கே திரும்ப வேண்டும் என்பது கம்பெனியின் கட்சி. திரும்ப மாட்டேன் என்பது என் கட்சி. அந்தச் சண்டைக் காலத்தில் நடந்தவைதான் கீழே இருப்பவை. உங்களில் பாதிப் பேருக்காவது இதே மாதிரி நடந்திருக்கும், சும்மா மறைக்காதீர்கள்.

டீக்கு முன்னால் லிஸ்ட்

எங்கள் சாஃப்ட்வேர், வண்டி வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கானது. உள்ளே அமைப்பு இப்படி: 'வண்டி' என்பது அப்பா. 'பஸ்', 'வேன்', 'லாரி' எல்லாம் பிள்ளைகள். எல்லா வண்டிக்கும் பொதுவான விஷயங்கள், அதாவது நம்பர், ஓடுகிறதா நிற்கிறதா, எஃப்.சி. எப்போது முடிகிறது என்பதெல்லாம் வண்டி டேபிள் என்கிற அட்டவணையில் இருக்கும். எத்தனை சீட்டு என்பது பஸ் டேபிளில். எத்தனை லிட்டர் என்பது லாரி டேபிளில். வண்டி என்று கேட்டால் எல்லாம் வரும். பஸ் என்று கேட்டால் பஸ் மட்டும் வரும். இதைத்தான் புத்தகங்களில் முப்பது பக்கத்துக்கு இழுக்கிறார்கள்.

எங்கள் பெரிய கஸ்டமர் பூந்தமல்லி கோதண்டம் அண்ணன். காலேஜ் பஸ், கம்பெனி வேன், தண்ணி லாரி எல்லாம் வைத்திருக்கிறார். தினமும் காலையில் போன் வரும்: லிஸ்ட் திறக்கவே மாட்டேன் என்கிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. "நோட் பண்ணிக்கிட்டேன் சார்" என்று சொல்வது என் வேலை. யாரிடம் சொல்வது? புரோகிராம் எழுதிய அண்ணன் பெரிய கம்பெனிக்குத் தாவி மூன்று வாரம் ஆகியிருந்தது, நாற்காலி காலி. ஒருநாள் கடுப்பாகி நானே போய் அதில் உட்கார்ந்து புரோகிராம் கோடைத் திறந்தேன். ஸ்கூலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த தைரியம்தான். ரெண்டு நாள் ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் புரிந்தபோது சிரிப்பு வந்தது. வண்டி எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக ஓடிப் போய் 'உனக்கு எத்தனை சீட்டு?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் சமையல்கட்டு வரைக்கும் ஓடி ஒரு கரண்டி சாம்பார் எடுத்து வருகிற மாதிரி. பிள்ளை டேபிள்களையும் சேர்த்தே எடுத்து வா என்று ஒரு வரி மாற்றினேன். மறுநாள் கோதண்டம் அண்ணன் போன்.

"இன்னாமா பண்ண? டீ சொல்லிட்டு ஒக்காந்துகினு கீறேன், டீ இன்னும் வரல, லிஸ்ட்டு வந்துருச்சு!"

இன்று வண்டி இல்லை

கம்பெனி முதலாளி முரளி சார் என்னை அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அப்படியே ரெண்டு மாதம் ஓடியது. ஒரு மழை நாள். மழையில் தண்ணி லாரிக்கு வேலை இல்லை, நாளைக்கு எல்லா லாரியையும் நிறுத்திப் போட வேண்டும் என்று கோதண்டம் அண்ணன் சொன்னார். திரையில் ஒவ்வொரு லாரியாகத் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. ஓடுதா, நிக்குதா என்ற கட்டம் வண்டி டேபிளில்தானே இருக்கிறது? வண்டியைக் கூப்பிட்டு 'எல்லாம் நிறுத்தம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். லாரி மட்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

நான் சொன்னதை அந்த ஆசாமி அப்படியே செய்தான். விடிந்ததும் எல்லா டிரைவர் போனுக்கும் 'இன்று உங்கள் வண்டி இல்லை' என்று தானாகச் செய்தி போனது. பஸ் டிரைவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். முத்தாபுதுப்பேட்டையில் காலேஜ் பிள்ளைகள் குடையோடு நின்றே காய்ந்தார்கள், இல்லை, நனைந்தார்கள். தப்பு என்னுடையது, நானே முரளி சாரிடம் போய்ச் சொன்னேன். கோதண்டம் அண்ணன் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு டிரைவராக நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கடைசியாக எடுத்தவர் ஐயப்பன்தாங்கல் டிரைவர் ஒருவர். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"எத்தினி வருசம் கழிச்சு ஊட்ல குந்திகினு சூடா இட்லி துன்னேன் தெரியுமா? இன்னொரு தபா அனுப்பு கண்ணு."

சுதாகர் சார் கேட்ட ஒரே கேள்வி

அந்த மழையோடு முரளி சாருக்குப் பயம் வந்துவிட்டது. டிகிரி இருக்கிற ஆள் ஒருவர் தலைமைக்கு வேண்டும் என்று சுதாகர் சாரைக் கொண்டுவந்தார். ஊர் கோயம்புத்தூர் பக்கம். எம்.சி.ஏ. யாரையும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார், அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

முதல் நாளே என்னை உட்கார வைத்து, "பாலிமார்ஃபிசம்னா என்னங்க?" என்றார். அந்தப் பெயரை நான் ஸ்கூல் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், மனப்பாடம் பண்ணி மறந்தும் இருக்கிறேன். "பேரெல்லாம் ஞாபகம் இல்ல சார். வண்டின்னு கேட்டாலும், வந்து நிக்கறப்ப பஸ்ஸு பஸ்ஸாவே நிக்கும், லாரி லாரியாவே நிக்கும். அதானே?" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதேதானுங்க. ஆனா இப்படிச் சொன்னா எந்த இன்டர்வியூலயும் பாஸ் ஆக மாட்டீங்க."

படிப்பு என்றொரு கட்டம்

கோதண்டம் அண்ணன் பஸ் விடுவது வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜுக்கு. அந்தக் காலேஜ் புதிதாக ஒரு விதி போட்டது. பஸ் விவரம் இருக்கிற சாஃப்ட்வேரை யார் யார் தொடுகிறார்கள், அவர்கள் என்ன படித்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும். கோதண்டம் அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பேர், அனுபவம், படிப்பு என்று மூன்று கட்டம்.

முரளி சார் என்னைக் கூப்பிட்டு, "தொலைதூரக் கல்வில பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம்னு போட்டுடலாம்மா, யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். நான் எந்தத் தொலைதூரத்திலும் எதுவும் படிக்கவில்லை. "போட மாட்டேன் சார். பிளஸ் டூன்னு போடுங்க" என்றேன். அப்படிப் போட்டால் காலேஜ் ஒத்துக்கொள்ளாது, பேரே போடாமல் விட வேண்டியதுதான், பேர் இல்லாதவள் புரோகிராமைத் தொடவும் முடியாது, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து போன் மேசைதான் என்றார். "பேரை எடுத்தாலும் பொய் போட மாட்டேன். போன் மேசைக்கும் போக மாட்டேன். வெளிய அனுப்பணும்னா அனுப்புங்க" என்றேன். முரளி சார் கெட்டவர் இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அரிச்சந்திரன் பரம்பரைன்னு நினைப்பா உனக்கு? நான் கம்பெனி நடத்தறேன்மா, கோயில் நடத்தல."

சீட்டு இல்லாத ஒன்பது பஸ்

திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கோதண்டம் அண்ணனின் வண்டி லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பஸ்ஸுக்கு நேராக சீட்டு எண்ணிக்கை இல்லை, வெறும் கட்டம். அவர் புதிதாக வாங்கிய பழைய பஸ்கள் அவை. விவரம் எக்செல் ஷீட்டில் வந்திருந்தது. சுதாகர் சார் அதை எங்கள் புரோகிராம் வழியாகப் போடாமல், வேகமாக முடியட்டும் என்று நேராக டேட்டாபேஸில் ஏற்றியிருந்தார். புரோகிராம் வழியாகப் போயிருந்தால் ஓ.ஆர்.எம். வண்டி டேபிளில் ஒரு வரி, பஸ் டேபிளில் ஒரு வரி என்று ரெண்டு இடத்திலும் எழுதியிருக்கும். இவர் வண்டி டேபிளில் மட்டும் எழுதியிருந்தார். "சீட்டுதானுங்க, அப்புறம் போட்டுக்கலாம். மொத்த எண்ணிக்கை சரியா வருதுங்களே" என்றார்.

மொத்தம் சரியாகத்தான் வரும். மொத்தம் வண்டியைத்தானே கேட்கிறது? பஸ் என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்பதும் இல்லை. வண்டியாக இருக்கின்றன, பஸ்ஸாக இல்லை. அடுத்து ஒரு விஷயம் தோன்றியது. எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொடுக்கும் சான்று. அது முடியப்போகிறது என்று பதினைந்து நாள் முன்னால் எங்கள் சாஃப்ட்வேர் கோதண்டம் அண்ணனுக்கு ஞாபகப்படுத்தும். அந்த ஞாபகப்படுத்தல், பஸ், வேன், லாரி என்று தனித்தனியாகத்தான் கேட்கிறது. அப்படியானால் இந்த ஒன்பதுக்கும் ஒருநாளும் ஞாபகப்படுத்தாது. தேதியைப் பார்த்தேன். ஒரு பஸ்ஸுக்கு எஃப்.சி. முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. சுதாகர் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எக்செல் ஷீட்டைத் திறந்து பார்த்தார்.

"ஷீட்ல தேதி தப்பா டைப் ஆகியிருக்குமுங்க. உறுதியாத் தெரியாம கஸ்டமர்கிட்டப் போயி வாயத் திறக்காதீங்க."

பெயின்டில் எழுதிய தேதி

உறுதியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? எஃப்.சி. தேதியை பஸ்ஸின் பக்கவாட்டில் பெயின்டில் எழுதியிருப்பார்கள். பஸ் பிடித்துப் பூந்தமல்லி போனேன். மத்தியானம், காலேஜ் டிரிப் முடிந்து எல்லாம் ஷெட்டில் நின்றன. ஒன்பது நம்பரைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தேன். பஸ்ஸுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் தலையை நீட்டி, "இன்னா பாப்பா, வண்டிய சுத்தி சுத்தி வர? ஆர்.டி.ஓ.வா?" என்றார். "இல்லண்ணா, சாஃப்ட்வேர்" என்றேன். "அத்தவிட மோசம்" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த பஸ் கடைசி வரிசையில் நின்றது. பெயின்டிலும் அதே தேதிதான். எட்டு நாளாக எஃப்.சி. இல்லாமல், முத்தாபுதுப்பேட்டைக்கும் வேலப்பன்சாவடிக்கும் ரெண்டு வேளையும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஆபீஸ் ரூமில் கோதண்டம் அண்ணனிடம் சொன்னேன். முதலில் என்னைத் திட்டினார், அப்புறம் தன் மேனேஜரைத் திட்டினார், அப்புறம் வெளியே போய் அவரே அந்த பஸ் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கம்ப்யூட்டர் சொல்லும் சொல்லும்னு நம்பிகினு கீறேன், இது இன்னா, வாயே தொறக்கல?" என்றார். இந்த பஸ் விவரத்தைக் கம்ப்யூட்டரில் யார் ஏற்றியது என்றும் கேட்டார். நான் பேர் சொல்லவில்லை. எங்கள் கம்பெனி ஏற்றியது, எங்கள் தப்பு என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை முதல் நான் போன் மேசை என்பதையும் என் வாயிலிருந்தே கேட்டுத் தெரிந்துகொண்டார். அங்கேயே முரளி சாருக்குப் போன் போட்டார். எதிர்ப்பக்கம் என்ன பேசினார்கள் என்று தெரியாது. இந்தப் பக்கம் கேட்டது இது.

"அதெல்லாம் இருக்கட்டும் நைனா, இந்தப் பொண்ண போன் எடுக்கச் சொல்லிட்டா என் வண்டிய யாரு வந்து எண்ணுவா, நீ எண்ணுவியா?"

எது வேணும்?

மறுநாள் சுதாகர் சார் என் மேசைக்கு வந்து நின்றார். "தப்பு என்னுதுதானுங்க. நேரா ஏத்தியிருக்கக் கூடாதுங்க" என்றார். இதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும் சொன்னார். அதற்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது. ஒன்பது பஸ்ஸையும் ரெண்டு பேரும் சேர்ந்து புரோகிராம் வழியாகத் திரும்ப ஏற்றினோம். ஞாபகப்படுத்தலையும், இனிமேல் வண்டி என்றே கேட்கும்படி மாற்றினோம். "ஆனா பட்டியல்ல உங்க பேரு வந்தா காலேஜு ஒத்துக்காதுங்க" என்றும் அவர்தான் சொன்னார். கையெழுத்து வாங்கப் போனபோது கோதண்டம் அண்ணன் பட்டியலைப் பார்த்துவிட்டு, என் பேர் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். முரளி சார் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். கடைசி வரியில் என் பேர், எட்டு மாதம், பிளஸ் டூ. மூன்று கட்டத்தையும் நானே நிரப்பினேன்.

கோதண்டம் அண்ணன் கையெழுத்துப் போட்டார், முரளி சாரோடு மூன்று பேருமாகக் காலேஜுக்குப் போனோம். அங்கே போக்குவரத்தைப் பார்க்கும் அதிகாரி நேராகக் கடைசி வரிக்குத்தான் போனார். "இது யாரு?" நான் எழுந்து நின்றேன். "காலேஜ் ஏன் போகல?" "பிடிக்கல சார்." முரளி சார் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "சரி, இவ்வளவு தைரியமா பேசறியே. எங்க காலேஜுக்கு எத்தனை வண்டி ஓடுது, சொல்லு." "வண்டின்னா நாற்பத்திரண்டு. பஸ்ஸுன்னா முப்பத்தஞ்சு. வேன் ஆறு, தண்ணி லாரி ஒண்ணு. உங்களுக்கு எது வேணும் சார்?" என்றேன்.

அவர் மேசையில் இருந்த ஃபைலைப் புரட்டினார். நாற்பத்திரண்டு பஸ் என்றுதான் பிரின்சிபாலுக்கு எழுதிப் போயிருக்கிறது. வண்டிக் கணக்கை பஸ் கணக்கு என்று எழுதுவது வருஷக்கணக்காக நடக்கிறதாம். பிள்ளைகளுக்கு ரூட் ஒதுக்கும் தாளைப் பிரித்துப் பார்த்தார். கோதண்டம் அண்ணனும் எட்டிப் பார்த்து, "இன்னா சார், என் தண்ணி லாரிக்கும் ஐம்பது பசங்கள ஒதுக்கி வெச்சிகினு கீறீங்க?" என்றார். அந்த ஐம்பது பேரும் தினம் வேறு பஸ்ஸில் நெருக்கி அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஏன் இவ்வளவு கூட்டம் என்று யாருக்கும் புரியவில்லை. அதிகாரி அந்தத் தாளை மடித்து வைத்தார். பட்டியலில் முத்திரை குத்தினார். முரளி சாரிடம் நீட்டினார். அப்புறம் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பேரு இருக்கட்டும், எடுக்க வேண்டாம், ஆனா அடுத்த வருஷம் நீ எங்க காலேஜ்லதான் சேரணும், இந்தாம்மா அப்ளிகேஷன்."

ஆக இன்றைய நிலவரம் இதுதான்: என் நாற்காலி புரோகிராம் எழுதும் இடத்திலேயே இருக்கிறது, என் படிப்பு பிளஸ் டூவிலேயே இருக்கிறது, அந்த அப்ளிகேஷன் நாலாக மடிந்து என் மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் இருக்கிறது.